விடுபட்ட ஓர் எண்

இராமானுஜன் பற்றிப் பேச்செடுத்தால் என் மாணவர்கள் முதலில் சொல்வது, நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொன்ன கதையைத்தான். ஆடித்தபசுக்கு ஊரே திரளும் சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு அம்மன் அருளை ஐயுற எனக்கும் மனம் வருவதில்லை. ஆனால் அந்தக் கதையோடு பேச்சு முடிந்துவிடுவதில் உடன்பாடில்லை. ஆகவே கரும்பலகையில் ஓர் எண்ணை எழுதுகிறேன்: 6746328388800. ஆறே முக்கால் லட்சம் கோடிக்குச் சற்றே குறைவு.

1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்த இராமானுஜனின் கட்டுரையில், 'மிகு பகு எண்கள்' அட்டவணை இந்த எண்ணோடு முடிகிறது. தன்னிலும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு வகுத்திகளைக் கொண்ட எண்ணே மிகு பகு எண். 12ஐ 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறும் மீதியின்றி வகுக்கும். 12க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. கரும்பலகையில் உள்ள பேரெண்ணுக்கோ 10080 வகுத்திகள்! அதைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5உம் 7உம் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறையும் வரும். முறைகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2×2 = 10080. சரிபார்க்கப் பள்ளிக் கணக்கே போதும். இதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் இல்லை என்று காட்டுவதே கடினம். கணிப்பொறி இல்லாத காலத்தில் அதைச் செய்தார் இராமானுஜன்.

அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 293318625600. அதற்கு 5040 வகுத்திகள். அதை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண்ணே கிடைக்கிறது!

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதன்று. ஏடு பெயர்த்தெழுதுவோர் ஓர் அடியை விட்டுவிடுவதும், பதிப்பாசிரியர் பல ஏடுகளை ஒப்பிட்டு அதை மீட்பதும் நாம் அறிந்தவையே. அப்படி மீட்டவர்களுள் முதன்மையான உ.வே.சா. 1903 வரை பணியாற்றிய கும்பகோணம் கல்லூரியில்தான் 1904இல் இராமானுஜன் சேர்ந்தார். பிற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். மிகு பகு எண்கள் ஆய்வுக்காக 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது.

விடுபாடு அவர் பெருமையைக் குறைப்பதாக நான் கருதவில்லை. அது உழைத்த கையின் தடயம். கனவுக் கதையை மட்டும் சொல்லும்போது, கணக்கு என்பது வரம் பெற்றவர்க்கே உரியது என்று சேர்த்தே சொல்லிவிடுகிறோம். என் வகுப்பில் பாதிப் பேர் கணக்கு வராது என்று தமிழுக்கு வந்தவர்கள். நானும் அப்படி வந்தவன்தான். அவர்களுக்குத் தேவை வரத்தின் கதையன்று. அடித்துத் திருத்திய தாளின் கதை.