ஓடையை விழுங்கியது யார்?

மழை பெய்தால் நாஞ்சில் நாடு செழிக்கும் என்றார்கள் நம் பாட்டன்மார். இன்று மழை பெய்தால் உழைப்பாளியின் அடுப்பில் தண்ணீர் நிற்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல், 2021 நவம்பரில் பெருமழை, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மீண்டும் பெருமழை. ஒவ்வொரு தடவையும் நாகர்கோவிலின் தாழ்ந்த பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது. கும்பப்பூப் பயிர் தண்ணீரில் நின்றது.

மேலிடத்துக் கனவான்கள் என்ன சொல்கிறார்கள்? முதல் நாள், "இயற்கையின் சீற்றம்!" மூன்றாம் நாள், "ஓடைக்கரையில் குடிசை போட்டவர்களே காரணம்!"

அப்படியா? உண்மையைப் பார்ப்போம்.

நாஞ்சில் நாட்டில் மலைத் தண்ணீர் ஒரு குளத்தில் நிற்கும். நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்கு ஓடும். முடிவில் பழையாற்றில் கலந்து மணக்குடிப் பொழிமுகத்தில் கடலைச் சேரும். மண்சுமந்து இந்தக் குளங்களை வெட்டியவர்கள் நம் முன்னோர்கள். இன்றோ மறுகால் ஓடை மேல் மனைப்பிரிவு! வயலில் மண்ணடித்துக் கல்யாண மண்டபம்! நான்கு வழிச் சாலைக்கென்று குளத்துக்குள்ளேயே மண் கொட்டினார்கள்; விவசாயிகள் எதிர்த்துப் போராடினார்கள். வழி அடைபட்ட தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போகிறது. பள்ளத்தில் குடியிருப்பது யார்? நாம்தான்.

நீர்நிலைகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் புல்டோசர் குடிசைப் பக்கம்தான் முதலில் திரும்புகிறது. மாளிகை வாசலுக்கு வந்தால் அதற்கு டீசல் தீர்ந்துவிடுகிறது!

"வடிகால் கட்டுகிறோம்" என்கிறார்கள். கட்டட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் போய்ச் சேர இடமில்லாத வடிகால், ஒரு தெருவின் வெள்ளத்தை அடுத்த தெருவுக்கு அனுப்பும் வேலையைத்தான் செய்யும். சென்னையைப் பாருங்கள். 2021 வெள்ளத்துக்குப் பின் கோடி கோடியாகக் கொட்டி மழைநீர் வடிகால் கட்டினார்கள். சில இடங்களில் தண்ணீர் சீக்கிரம் வடிந்தது, உண்மை. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. சதுப்பு நிலத்தைக் கட்டடங்கள் தின்ற பிறகு வடிகால் எங்கே போய்க் கொட்டும்?

இன்னொரு அநியாயம். பயிர் அழுகினால் நிவாரணம் ஹெக்டேர் கணக்கில் வருகிறது. நாற்று நட்டவளுக்கு ஹெக்டேர் ஏது? அவள் இழந்த கூலியை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்? அடைத்த சாக்கடையைத் திறக்க இறக்கப்படுபவனும் நம் தோழன்தான். பாதுகாப்புச் சாதனமின்றி மனிதனை உள்ளே இறக்குவதை 2013-ம் வருஷச் சட்டம் குற்றமாக்கியது. சட்டம் காகிதத்தில் உறங்குவதற்கா?

ஆகவே நாம் கேட்பது இவை:

1. ஓடை, மறுகால், குளம் எல்லாவற்றையும் பழைய நில அளவைப் படத்தின்படி அளந்து, ஆக்கிரமித்தவர் பட்டியலை ஊரறிய ஒட்ட வேண்டும்.

2. பெரிய ஆக்கிரமிப்பை முதலில் அகற்ற வேண்டும். குடிசைவாசிக்கு வேலைக்கு அருகிலேயே மாற்று வீடு கொடுத்த பிறகுதான் குடிசையில் கை வைக்க வேண்டும்.

3. தெரு வடிகாலை ஆறுவரை இணைத்து, மழைக்கு முன்பே தூர்வார வேண்டும். அந்த வேலைக்கு இயந்திரமும் நியாயமான கூலியும் வேண்டும்.

4. வெள்ளத்தில் வேலையிழந்த கூலிக்காரருக்கு நிவாரணம் வேண்டும்.

தோழர்களே! அடுத்த மழை வரை காத்திருக்க வேண்டாம். தெருத்தெருவாகக் கூடுங்கள், உங்கள் ஊர் ஓடை எங்கே தொடங்கி எங்கே அடைபட்டது என்று நடந்து பாருங்கள், கையெழுத்துத் திரட்டி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகச் செல்வோம். ஓடையை விழுங்கியவர்களைக் கக்க வைப்போம்!