கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டுமே!

பதினைந்து வயதில் ஜூனியர் விம்பிள்டன் சாம்பியன். பதினெட்டு ஆவதற்குள் பெரியவர்களோடு மோதி, மூன்று கிராண்ட் ஸ்லாம்களில் இரட்டையர் ஃபைனல். இப்படியொரு பெண் உங்கள் வீட்டில் இருந்து, திடீரென்று 'எனக்கு டென்னிஸ் போதும்மா'ன்னு சொன்னால் என்ன செய்வீர்கள்? கோபம் வரும். கோச்சுக்குக் கொட்டிய பணம் ஞாபகம் வரும். சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்களோ என்ற கவலை வேறு!

ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி பார்ட்டி 2014-ல் அப்படித்தான் விலகினார். வீட்டை விட்டு நாடு நாடாகச் சுற்றியதில் மனசு களைத்துப் போயிருந்தது. டென்னிஸ் மட்டையை வைத்துவிட்டு, பிரிஸ்பேன் ஹீட் அணியில் கிரிக்கெட் ஆடினார். தோற்றால் பங்கு போட்டுக்கொள்ளக் கூடப் பத்துப் பேர்! அதுதான் மருந்து என்பேன் நான்.

2016-ல் திரும்பி வந்தார். 2019 பிரெஞ்சு ஓப்பன், 2021 விம்பிள்டன், 2022 ஆஸ்திரேலிய ஓப்பன். கடைசிப் பட்டத்தை ஒற்றையரில் சொந்த நாட்டவர் ஜெயித்து 44 வருஷமாகியிருந்தது!

கால் சுளுக்கினால் கட்டுப் போட்டு உட்கார வைக்கிறோம். மனசு சுளுக்கினால் மட்டும் 'சோம்பேறி' என்கிறோம். என்ன நியாயம் சார் இது? படிப்போ, பாட்டோ, விளையாட்டோ... பிள்ளை 'முடியலை' என்றால் முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். தூக்கமும் சாப்பாடும் குறைந்துகொண்டே போனால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

2022 மார்ச்சில், 25 வயதில், உலகின் நம்பர் ஒன்னாக இருக்கும்போதே பார்ட்டி ஓய்வை அறிவித்தார். 'ஐயோ, இன்னும் எத்தனை கப் வாங்கியிருக்கலாம்!' என்று அங்கலாய்த்தவர்கள் உண்டு. அடுத்த வருஷம் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது.