முன்னுக்கு ஆடினவளின் புள்ளி

தமிழ்த்தினப் போட்டி முடிவு வந்ததும் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். ஒரு கட்சி, "ஆள் பார்த்துப் புள்ளி போட்டிருக்கினம்" என்னும். மற்றக் கட்சி, "நடுவர் நேர்மையான மனுசி, கண்ணால கண்டதுக்குத்தானே புள்ளி போடுவா, பிறகென்ன?" என்னும். முதற் கட்சியோடு வாதாடப் போவதில்லை. அந்தச் சண்டைக்குச் சாட்சி வேண்டும். இரண்டாவது கட்சியின் பேச்சைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. தனிநடனமோ, சித்திரமோ, தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டமோ, பார்ப்பவருக்கு நேர்மையும் நல்ல கண்ணும் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் தகுதிக்கே புள்ளி விழும் என்கிறது அது. அப்படி விழுவதில்லை.

2014 இல் ஜேசன் பிஷர், டேவிட் விட்னி என்ற இரு ஆய்வாளர்கள் மிக எளிய வேலை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். திரையில் சாய்ந்த கோடுகள் ஒரு கணம் தோன்றி மறையும். பார்த்தவர் ஒரு கம்பத்தைத் திருப்பி அந்தச் சாய்வைக் காட்ட வேண்டும். பிறகு அடுத்த சாய்வு. சொன்ன விடைகள் சற்று முன் பார்த்த சாய்வின் பக்கமாகவே ஒருசில பாகை இழுபட்டிருந்தன. அங்கே ஆள் தெரியாது, பள்ளிக்கூடம் தெரியாது, கோபதாபம் இல்லை. இருந்தும் இழுத்தது. இரண்டு சாய்வும் கிட்டக்கிட்ட இருந்தபோது இழுப்பு கூட, வெகுதூரம் விலகியிருந்தபோது அனேகமாக இல்லை.

எங்கள் போட்டிகளுக்கு இதில் முக்கியமானது அந்தக் கடைசி விடயம்தான். மேடையில் தடுமாறி நின்ற பிள்ளைக்கும் முதலிடத்துக்கு வரக்கூடிய பிள்ளைக்கும் இடையில் எந்த நடுவரும் குழம்பமாட்டார். அடுத்த சுற்றுக்குப் போகும் ஒரே இடத்துக்கு அரைப் புள்ளி, ஒரு புள்ளி வித்தியாசத்தில் மோதும் மூன்று நான்கு பிள்ளைகளிடந்தான் குழப்பம். இழுப்பு கூடுதலாக வேலை செய்யும் இடமும் அதுவே.

"சரி, பாதிப்பு இருக்கட்டும். ஆனால் அது எதிர்ப்பக்கமாக அல்லவா? நல்லா ஆடினவளுக்குப் பின்னால ஆடினா ஆரும் எடுபடமாட்டினம்" என்பார்கள். ஊரில் எல்லோரும் நம்புவது இது, பாதி உண்மையுங்கூட. கண் சில வேளை முன்னதை விட்டு விலகிப் பார்க்கும். யாழ்தேவியில் யன்னலோரம் இருந்து வெளியே பார்த்தபடி வந்தவருக்கு, கொடிகாமத்தில் வண்டி நின்றதும் தரை மெல்ல எதிர்ப்பக்கம் நகர்வதுபோல் இருக்கும். ஐரோப்பியர் இதற்கு அருவியின் பெயரையே வைத்தார்கள். அருவி இல்லாத எங்களுக்கு றெயில் போதும்.

ஆனால் புள்ளி போடுவது வெறும் பார்வை அல்ல, ஒரு தீர்மானம். நெதர்லாந்தில் பிரிட்ஷேயும் கூட்டாளிகளும் 2017 இல் வெளியிட்ட ஆய்வு, பார்வை முன்னதிலிருந்து விலகுகிறது, தீர்மானமோ முன்னதை நோக்கிச் சாய்கிறது என்றது. எது கண்ணின் வேலை, எது தீர்மானத்தின் வேலை என்ற வழக்கு ஆய்வாளர்களிடையே இன்னும் தீரவில்லை. மேடைக்கு அருகான சான்று ஜிம்னாஸ்டிக்கில் கிடைக்கிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் புள்ளிகளை டாமிஷ், முஸ்வைலர், பிளெஸ்னர் மூவரும் ஆராய்ந்தபோது, முன்னவர் கூடுதலாகப் பெற்றிருந்தால் பின்னவருக்கும் கூடவே விழுந்திருந்தது. பிறகு அனுபவமுள்ள நடுவர்களைக் கொண்டு சோதித்தார்கள். இருவரும் ஒரே நாட்டு அணி என்று எண்ணியபோது பின்னவரின் புள்ளி முன்னவரை நோக்கிப் போனது. வேறு வேறு நாடு என்று எண்ணியபோது எதிர்ப்பக்கம் போனது. நாட்டை எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தைப் போட்டுப் பாருங்கள். சீருடையும் பள்ளிப் பெயரும் நடுவருக்குத் தெரியவேண்டிய தேவை என்ன?

அனுபவம் இதைக் கழுவிவிடும் என்பதும் நிற்காது. மேலே சொன்ன ஜிம்னாஸ்டிக் நடுவர்கள் புதியவர்கள் அல்லர். படம் பார்த்து நோய் சொல்லும் கதிரியல் மருத்துவர்களைச் செயற்கைக் கட்டி உருவங்களைக் கொண்டு சோதித்த 2021 ஆய்விலும் முன்னைய உருவத்தின் சாயல் அடுத்த விடையில் இருந்தது. இருபது வருட அனுபவத்தை வைத்து ஒருவரை நடுவராக அழைப்பது நியாயமே. அந்த இருபது வருடம் இந்த இழுப்பிலிருந்து காப்பாற்றும் என்று எதிர்பார்ப்பதுதான் பிழை.

கடைசிப் பதில் குலுக்கல். "வரிசையைச் சீட்டுக் குலுக்கித்தானே எடுக்கிறம்." குலுக்கல் சூழ்ச்சியைத் தடுக்கும். யாருக்குப் பின்னால் யார் என்ற அதிர்ஷ்டத்தை அது ஒழிப்பதில்லை, பங்கிட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இதைக் காட்டி எல்லா முடிவும் குப்பை என்று சொல்பவர்களும் வருவார்கள். அவர்களுக்கும் இடம் கொடுக்க முடியாது. இழுப்பு சிறியது. ஆய்வுகூடத்துச் சில செக்கன்களை மேடையின் ஏழு நிமிடத்துக்கு அப்படியே தூக்கி வைக்கவும் முடியாது. ஆனால் ஒரு பிள்ளை ஆடி முடித்ததும் புள்ளியை எழுதிக் கையளித்த பிறகே அடுத்தவரை அழைக்கலாம். மொத்தமாக ஒரு புள்ளி போடாமல் தாளம், பாவம், அடவு என்று பிரித்துப் போடலாம். நேரம் காணாது என்று ஏற்பாட்டாளர்கள் சொல்வது ஆட்டத்துக்குப் பொருந்தலாம். சித்திரப் போட்டிக்கு அந்தச் சாட்டும் இல்லை: முதல் நடுவர் மேலிருந்து கீழாகப் பார்த்த கட்டை இரண்டாமவர் கீழிருந்து மேலாகப் பார்க்கட்டும். கட்டைப் புரட்டி வைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?