நிற்கவே இல்லையே!

கச்சேரி என்றால் ஜமக்காளத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவதுதான் என்று நினைப்பவரா நீங்கள்? அப்படியானால் ஒரு சாயங்காலம் டீனா டர்னரின் கச்சேரிப் படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அடுப்பில் பால் இருந்தால் மட்டும் முதலில் இறக்கி வைத்துவிடுங்கள்!

‘ராக்’ சங்கீதம் எனக்கு வெறும் இரைச்சலாகத்தான் பட்டிருந்தது. இந்த அம்மாள் மேடையில் வந்து நின்றதும்... நின்றதா? நிற்கவே இல்லையே! ஹைஹீல்ஸ் செருப்போடு ஓட்டம், குதிப்பு, கேசத்தைச் சிலுப்பிக்கொண்டு ஆட்டம்! அத்தனையிலும் குரல் பிசகவில்லை. 1988-ல் பிரேஸிலில், ரியோ நகரத்து மரக்கானா மைதானத்தில் இவரைக் காணக் கூடியவர்கள் சுமார் 1,80,000 பேர்.

இத்தனை தெம்பும் சுகவாசத்தில் வந்ததல்ல. கூடப் பாடிய கணவரிடம் வருஷக்கணக்கில் அடி பட்டதைத் தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். 1976-ல் டல்லாஸ் நகரில் அவரை விட்டு ஓடியபோது கையில் இருந்தது 36 சென்ட். விவாகரத்தில் மேடைப் பெயரை மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை. பிறகு கடன், கஷ்டம். 1984-ல், 44-வது வயதில், அவர் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது!

2009-ல் கடைசிச் சுற்றுப்பயணத்தின்போது வயது 69. ஜனங்களின் தலைக்கு மேலே நீண்ட இரும்புக் கை ஒன்றில், அதே ஹைஹீல்ஸோடு நடந்துகொண்டே பாடுகிறார். 2023-ல் அவர் காலமான பிறகும், எங்கள் மாமியார் அந்தக் கட்டம் வரும்போதெல்லாம், “ஐயோ, விழுந்துடப் போறாளே!” என்று பதறுகிறார். உங்கள் வீட்டில் யார் பதறினார்கள்? எழுதுங்களேன்.