யாருக்குத் தேங்காய்?

ஃபைனல் மாட்ச் அன்று விடியற்காலையில் குளித்துவிட்டு, தெருக்கோடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போவோம். எதிர் டீம் கேப்டன் ஏற்கெனவே உடைத்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியுடன் வெளியே வந்துகொண்டிருப்பான். பிள்ளையார் பாடு திண்டாட்டம். கிரிக்கெட் என்றால் மழையைக் கொட்டவைத்து டிரா பண்ணிவிடலாம். யுத்தம் என்றால்?

1914-ல் ஐரோப்பாவில் இந்தக் கூத்துதான் நடந்தது. இங்கிலாந்து ராஜா ஐந்தாம் ஜார்ஜும், ஜெர்மனியின் கெய்ஸர் வில்ஹெல்மும் விக்டோரியா மகாராணியின் பேரன்கள். மாமன் பிள்ளை, அத்தை பிள்ளை. இரண்டு தரப்புப் பாதிரிமார்களும் ஒரே ஏசுவிடம் வெற்றி கேட்டு மண்டியிட்டார்கள். ஜெர்மன் சிப்பாயின் பெல்ட் பக்கிளில் 'கடவுள் நம்மோடு' என்றே பொறித்திருந்தது. பிற்பாடு ஹிட்லரின் ராணுவமும் அதே வாசகத்தைத்தான் பக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பியது!

மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவரின் ஆட்கள் பீரங்கியை நீட்டியது எப்படி? ஆரம்பத்தில் இவ்வளவு சுலபமாக இல்லை. கி.பி. 295-ல் வட ஆப்பிரிக்காவில் மாக்ஸிமிலியன் என்ற 21 வயதுப் பையனை ரோமானிய ராணுவத்துக்குப் பிடித்தார்கள். "நான் கிறிஸ்தவன், சிப்பாய் வேலை பார்க்க மாட்டேன்" என்றான். "உங்க ஆளுங்க நிறையப் பேர் ராணுவத்துல இருக்காங்களேப்பா" என்கிற தோரணையில் அதிகாரி மடக்கிப் பார்த்தார். பையன் மசியவில்லை. தலை போயிற்று.

அப்புறம் பேரரசர்களே கிறிஸ்தவர்களானார்கள். எதிரி எல்லையில் நிற்கும்போது கன்னத்தைக் காட்டிக்கொண்டிருக்க முடியுமா? நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த புனித அகஸ்டின் யோசித்தார். 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் அதைச் சுருக்கி மூன்று கண்டிஷன் போட்டார். போரை அறிவிப்பவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும், காரணம் நியாயமாக இருக்க வேண்டும், நோக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். நல்ல லிஸ்ட்தான். ஆனால் இதைப் படித்துவிட்டு, "ஸாரி, என் காரணம் சரியில்லை" என்று படையைத் திருப்பிக்கொண்டு போன ராஜாவை நான் எந்தப் புத்தகத்திலும் சந்தித்ததில்லை.

சரி, ராஜா தப்புப் பண்ணினால் சிப்பாய் கதி? அநியாயக்கார ராஜாவின் கட்டளைக்குப் பணிந்தாலும் சிப்பாய் குற்றமற்றவனாக இருக்க முடியும் என்று அகஸ்டினே ஓர் இடத்தில் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார். ஆபீஸ் பாஷையில், "மேலே சொன்னாங்க, கையெழுத்துப் போட்டேன் ஸார்!"

அந்த ஜன்னல் வழியாகப் போக மறுத்த ஓர் ஆளைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டேட்டர். ஃப்ரான்ஸ் என்று வைத்துக்கொள்வோம், நாக்குக்கு நல்லது. 1907-ல் பிறந்த ஆஸ்திரிய விவசாயி. கிராமத்திலேயே முதல் மோட்டார் சைக்கிள் அவருடையது. வாலிபத்தில் அடிதடி உண்டு, கல்யாணத்துக்கு முன்பே ஒரு குழந்தையும் உண்டு. 1936-ல் ஃப்ரான்ஸிஸ்காவைக் கட்டினார். ஹனிமூனுக்கு ரோம். மூன்று பெண் குழந்தைகள். விவசாயத்தோடு சர்ச்சில் கோயில்பிள்ளை வேலை.

1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிவிட்டு, 'சம்மதம்தானே?' என்று ஓட்டெடுப்பு நடத்தினார். ஊரில் ஒரே ஒரு 'இல்லை' விழுந்தது. ஃப்ரான்ஸ் போட்டது. அதையும் அமுக்கிவிட்டு, ஊரே ஒருமனதாக ஆதரித்தது என்று மேலிடத்துக்குத் தகவல் போயிற்று. (இதெல்லாம் நமக்கு விளக்க வேண்டியதில்லை.)

ராணுவப் பயிற்சிக்கு முதலில் போய் வந்தார். திரும்பி வந்தவருக்கு, இது அநியாயமான யுத்தம், இனி போகக்கூடாது என்று பட்டுவிட்டது. லின்ஸ் நகர ஆயரைத் தேடிப் போய்க் கேட்டார். ஆயர் சொன்னது பழைய ஜன்னல்தான். 'அரசாங்கம் செய்வதற்கு நீ பொறுப்பில்லை. உன் கடமை பெண்டாட்டி பிள்ளைகளுக்கு.' ஊர்ப் பாதிரியார், சொந்தக்காரர்கள் எல்லோரும் இதையேதான் சொன்னார்கள்.

யோசித்துப் பாருங்கள். நாமாக இருந்தால் ஆயரே சொல்லிவிட்டார் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்போம். மூத்த பெண்ணுக்கு ஐந்து வயசு!

1943 மார்ச்சில் ராணுவ முகாமுக்குப் போய், "சண்டை போட மாட்டேன், வேண்டுமானால் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ஏற்கவில்லை. பெர்லின் டேகல் சிறை. ஓர் ஆஸ்திரியப் பாதிரியாரும் ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து 1942-ல் தலையைக் கொடுத்தார் என்று அங்கேதான் தெரியவந்தது. நாம் ஒண்ணும் பைத்தியமில்லை என்று ஃப்ரான்ஸுக்கு அப்பாடா என்றிருந்தது. ஃப்ரான்ஸிஸ்கா ரயிலேறி வந்து பார்த்தாள். முதலில் தடுத்தவள்தான். ஊரே எதிர்த்து நிற்கும்போது நானும் எதிர்த்தால் அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று அப்புறம் கூடவே நின்றுவிட்டாள். கடைசி ராத்திரி மேஜை மேல் ஒரு காகிதம் இருந்ததாம். ஒரு கையெழுத்துப் போட்டால் உயிர் பிழைக்கலாம். தள்ளிவைத்துவிட்டார் என்று கூட இருந்த சிறைப் பாதிரியார் பிற்பாடு சொன்னார். 1943 ஆகஸ்ட் 9, தலை வெட்டப்பட்டது.

"எல்லோரும் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டால் ஹிட்லரை யார் ஸார் அடக்குவது?" என்பீர்கள். நியாயமான கேள்வி. அதே டேகல் சிறையில் அதே மாதங்களில் இருந்த இன்னொரு கிறிஸ்தவர், லூத்தரன் போதகர் போன்ஹோஃபர். யுத்தமே கூடாது என்று பேசியவர், ஹிட்லரைத் தீர்த்துக்கட்டும் சதிக்குத் துணை போனார். 1945 ஏப்ரலில் தூக்கு. ஏசு இவர்களில் யார் பக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள். இருவருமே ஆயர் சொன்னார், ஆபீஸர் சொன்னார் என்று தப்பித்துக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்தபிறகும் மறைமாவட்டப் பத்திரிகையில் ஃப்ரான்ஸைப் பற்றிக் கட்டுரை போட அந்த ஆயர் ஒப்பவில்லை. 1965-ல் வத்திக்கான் பேரவையின் கவனத்துக்கு ஃப்ரான்ஸின் கதையைக் கொண்டுபோனவர் யார் தெரியுமா? நம் பம்பாயின் முன்னாள் பேராயர், ஆங்கிலேயரான தாமஸ் ராபர்ட்ஸ். மனசாட்சிப்படி ஆயுதம் எடுக்க மறுப்பவர்களைச் சட்டம் மனிதாபிமானத்தோடு நடத்த வேண்டும் என்று பேரவை அந்த வருஷமே சொன்னது. 2007-ல் லின்ஸ் தேவாலயத்திலேயே ஃப்ரான்ஸுக்கு 'முத்திப்பேறு பெற்றவர்' பட்டம். முன்வரிசையில் 94 வயது ஃப்ரான்ஸிஸ்கா.

நடுவில் அந்த அம்மாள் பட்டதுதான் பெரிய கதை. அவள் பக்தி முற்றிப் போய்ப் புருஷனைக் கெடுத்துவிட்டாள் என்று ஊர் பேசியது. மற்ற சிப்பாய்களின் விதவைகளுக்கு வந்த பென்ஷன் இவளுக்கு 1950 வரை வரவில்லை. நிலத்தைத் தானே உழுது மூன்று பெண்களையும் வளர்த்தாள். சர்ச்சில் காலியாகிக் கிடந்த கோயில்பிள்ளை வேலையையும் அவளே ஏற்றுக்கொண்டாள்.