குஞ்சாலியின் கோட்டையை வீழ்த்தியவர் யார்?

மலையாளக் கரையில், வடகரைக்குத் தெற்கே குற்றியாடி ஆறு கடலோடு கலக்குமிடத்தில் ஒரு கோட்டை இருந்தது. அது கடற்கொள்ளைக்காரரின் கோட்டை என்று போர்த்துக்கீசியப் பறங்கியர் எழுதிவைத்தனர். அவர்கள் கொள்ளைக்காரன் என்ற குஞ்சாலி மரைக்காயரின் பெயரைத்தான் சுதந்திர இந்தியாவின் கடற்படை பம்பாயில் தன் தளமொன்றுக்கு இட்டிருக்கிறது. ஆயினும் நம்மவருள்ளேயே பறங்கியரின் சொல்லைக் கூசாமல் வழங்குவோர் உளர். கொள்ளைக்காரன் யார் என்பதை விசாரித்துப் பார்ப்போம்.

அரபிக் கடலில் பல தேசத்து வர்த்தகரும் நெடுங்காலமாக எவரிடமும் சீட்டு வாங்காமலே கப்பலோட்டி வந்தனர். 1498-இல் வந்திறங்கிய பறங்கியரோ, தங்கள் 'கர்த்தாஸ்' என்னும் அநுமதிச் சீட்டு இல்லாத மரக்கலம் பறிமுதலாகும் என்று சில ஆண்டுகளுக்குள்ளேயே விதித்துவிட்டனர். இந்த அதிகாரத்தை அவர்களுக்கு அளித்தவர் யார்? பீரங்கியைத் தவிர வேறொருவருமில்லை. சீட்டில்லாதவன் கப்பலைப் பறங்கி பிடித்தால் அது அரசாட்சியாம். பறங்கியின் கப்பலை மரைக்காயர் பிடித்தால் அது கொள்ளையாம்! மரைக்காயரின் மாலுமிகள் அனைவரும் சாதுக்கள் என்று நாம் சாதிக்க வரவில்லை. ஆனால் அவர்கள் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படையினர். 1538-இல் நமது இராமநாதபுரக் கரையில், வேதாளையில் தோற்றும் அவர்கள் ஓயவில்லை. 1571-இல் சாலியம் கோட்டையைச் சாமூதிரி பறங்கியரிடமிருந்து பறித்தபோது அவர்களும் உடன் நின்றனர். அதன்பின் சாமூதிரியின் சம்மதத்துடன் எழுந்ததே நாம் சொல்லும் கோட்டை.

நான்காம் குஞ்சாலியின் காலத்தில் அரசருக்கும் தளபதிக்கும் பகை மூண்டது. குஞ்சாலி தம்மை இந்தியக் கடல்களின் அதிபதி என்று அழைத்துக்கொண்டார் என்றும், சாமூதிரியின் யானையின் வாலை அறுத்தார் என்றும் சொல்வர். யானை வால் கதையைப் பறங்கியரின் ஏட்டிலேயே காண்கிறோம். அதன் மெய்பொய் எப்படியேனும் ஆகுக. தளபதிக்குக் கர்வம் மிகுந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதை அடக்க அந்நியனையா அழைப்பது?

1599 மார்ச்சில், ராஜப் பிரதிநிதியின் சகோதரனான லூயிஸ் ட காமா கடல் வழியே தாக்கினான். சைகை பிசகி, படைப்பகுதிகள் ஒன்றுக்கொன்று உதவாமல் தடுமாறிப் பெருஞ்சேதத்துடன் திரும்பின. கடலிலிருந்து மட்டும் அக்கோட்டையைப் பிடிக்க இயலாது என்பது விளங்கிற்று. மறு ஆண்டு அந்திரே புர்ட்டாடோ வந்தபோது ஆற்றுமுகத்தைப் பறங்கிக் கப்பல்கள் அடைத்தன. நிலப்புறத்தைச் சாமூதிரியின் நாயர் படை வளைத்தது. உள்ளிருந்தோருக்குத் தானியம் வரும் வழி அற்றது. உயிருக்கு அபயம் என்று சாமூதிரி வாக்களித்தபின், 1600 மார்ச்சு 16-இல் குஞ்சாலி வெளிவந்து தம் வாளை அரசரிடம் ஒப்புவித்தார். அந்தக் கணமே புர்ட்டாடோ அவரைப் பற்றிக்கொண்டான். அரசரின் வாக்கு கண்ணெதிரே மிதிபடக் கண்ட நாயர் வீரர் கொதித்தெழுந்தனர். முற்றுகையிட வந்த அவர்களுக்கு இருந்த ரோஷம் அவர்களுடைய அரசருக்கு இல்லாமற் போயிற்று!

கோட்டை இடிக்கப்பட்டது. கோவாவில் குஞ்சாலியின் சிரத்தைக் கொய்து, உடலை நான்கு கூறாக்கினர். சிரத்தை உப்பிட்டுக் கண்ணூருக்கு அனுப்பி, கம்பத்தில் ஏற்றிக் காட்சிக்கு வைத்தனர்.

நான்கு வருஷங்கள் சென்றன. 1604-இல் கோழிக்கோட்டு அரண்மனை, பறங்கியரை ஓட்டித் தரவேண்டுமென்று டச்சுக்காரரோடு உடன்படிக்கை எழுதிக்கொண்டது.