தோணாவைத் தூர்க்காதீர்

மேற்கே மட்டக்களப்பு வாவி, கிழக்கே வங்கக் கடல். இடையில் ஒடுங்கிய மணற்திட்டில் இருக்கிறது ஆரையம்பதி. வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது ஊர் வெள்ளம் வடிய வேண்டியது தோணாக்கள் எனும் வடிகால் ஓடைகள் வழியே வாவிக்குத்தான். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவியோ, முகத்துவாரம் வெட்டப்பட்டால்தான் கடலுக்கு விரைந்து வடியும். அந்நேரம் தோணாவும் அடைபட்டால் வளவுகளில் முழங்காலளவு தண்ணீர். மலசலகூடக் குழிகள் நிரம்பி, மணலூடே கிணற்று நீரும் கெடும்.

ஆற்றுவாழையும் பொலித்தீன் பைகளும் மூடிய தோணா நீரில் ஒட்சிசன் குறைகிறது. கண்டல் வேர்களில் ஒதுங்கி வளரும் இறால், மீன் குஞ்சுகள் அழிகின்றன. வீச்சுவலைக்காரரின் வருமானமும் சுருங்குகிறது.

பிரதேச சபை ஒக்டோபருக்கு முன் தோணாக்களைத் துப்புரவாக்க வேண்டும். பிரதேச செயலகம் எல்லைக் கல் நாட்டி, மண் நிரப்புவதை உடன் தடுக்க வேண்டும். கரையோரக் கண்டலை வெட்டாமல் காப்பது நம் எல்லோரதும் கடமை.